இல்லம் பேணுவோம்: முகப்புத் தூணின் பாதம்



பெங்களூரு குக் டவுனில் எங்கள் குடும்பத்தோடு நெடுநாள் பழக்கமுள்ள ஒரு விதவைத் தாயார் வசிக்கிறார்கள். அவர்களுடைய மாமனார் காலத்தில் வாங்கிய பழைய ஓட்டு வீடு அது. வாசலில் நான்கு தேக்குமரத் தூண்கள் தாங்கி நிற்கும் முகப்புத் தாழ்வாரம் உண்டு. மாலை வேளைகளில் அந்தத் தெருவிலுள்ள தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே அமர்ந்து தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். பணி ஓய்வு பெற்ற ஆசிரியையான அந்தத் தாயார்தான் அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவர்கள்.

சென்ற ஜனவரியில் ஒரு மாலை, தூணில் சாய்ந்து அமர்ந்திருந்த ஒரு சிறுமி, "பாட்டி, இந்தத் தூண் மெத்தென்று இருக்கிறது" என்றாள். அவள் விரலால் அழுத்திய இடத்தில் பெயிண்ட் உள்ளே அமிழ்ந்தது. வெளியே பளபளப்பாக நின்ற தூணுக்கு உள்ளே மரம் இல்லை. ஈரமான தூள்தான் இருந்தது.

தாயார் இரண்டு ஒப்பந்தக்காரர்களை அழைத்துக் காட்டினார்கள். ஒருவர், "அடியில் சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிடலாம், இரண்டே நாள் வேலை" என்றார். மற்றவர், "நான்கு தூண்களையும் எடுத்துவிட்டுக் கான்கிரீட் தூண் எழுப்ப வேண்டும்" என்றார். எதைக் கேட்பது என்று அறியாமல் அவர்கள் எங்களுக்குத் தகவல் அனுப்பினார்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு முன் பெங்களூருவுக்கு வந்து தச்சு வேலை செய்துவரும் மூத்த ஆசாரியார் ஒருவரை நான் உடன் அழைத்துச் சென்றேன்.

இதை வாசிக்கிற உங்களில் பலர் பெங்களூரு, மும்பை, புனே போன்ற நகரங்களில் பழைய வீடுகளில் குடியிருக்கிறீர்கள். வேறு பலருக்கோ சொந்த ஊரில் மரத்தூண் வைத்த திண்ணை வீடு உண்டு. மே விடுமுறையிலும் கிறிஸ்துமஸ் நாட்களிலும் மாத்திரம் அதைத் திறந்து, வெள்ளையடித்து, மறுபடியும் பூட்டிவிட்டு வருகிறீர்கள். ஆகையால் அந்த ஒரு தூணுக்கு நாங்கள் செய்தது யாவற்றையும் இம்மாதம் உங்களுக்கு எழுதுகிறேன்.

மரம் ஏன் உளுத்துப்போகிறது?

மரம் வயதினால் உளுப்பதில்லை, ஈரத்தினால் உளுக்கிறது. மரத்தைத் தின்பது ஒருவகைப் பூஞ்சணம். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருக்குமட்டும் அது வளர்வதில்லை. உலர்ந்திருக்கிற தூண் நூறு ஆண்டுகளும் நிற்கும். நனைந்து நனைந்து காயாமல் கிடக்கிற தூண் சில ஆண்டுகளிலேயே வீழும். வைரம் பாய்ந்த தேக்கு நெடுநாள் தாங்கும் என்பது மெய்யே. ஆயினும் அதன் வெளிப்புற வெள்ளை மரத்துக்கு அந்த வலிமை இல்லை. ஓயாத ஈரத்தில் தேக்கின் வைரமும் மெள்ளமெள்ளத் தோற்றுப்போகும்.

தூணின் பாதம் முதலில் கெடுவதற்குக் காரணம் உண்டு. மரத்தின் நார்கள் மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய குழாய்களைப் போன்றவை. அந்தக் குழாய்களின் வாய் திறந்திருப்பது தூணின் அடி முகத்தில்தான். பக்கங்களைக் காட்டிலும் பல மடங்கு வேகமாக அந்த முகம் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றிவிடும்.

குக் டவுன் வீட்டில் நடந்தது இதுவே. தூண்கள் ஆதியில் ஒரு சாண் உயரமுள்ள கருங்கல்லின்மேல் நின்றன. 2019-ஆம் ஆண்டில் புனேயில் பணிபுரியும் மகன், தாயார் பழைய தளத்தில் இடறி விழாதபடிக்குத் தாழ்வாரம் முழுவதும் புதிய டைல்ஸ் பதித்துக் கொடுத்தார். அதற்காகத் தளத்தை மண்ணும் ஜல்லியும் இட்டு உயர்த்தினார்கள். அந்தக் கற்கள் தளத்துக்குள் புதைந்துபோயின. மரத்தின் பாதம் டைல்ஸ் மட்டத்துக்கு வந்தது. வேலையாட்கள் சந்து தெரியாதிருக்கும்படி அதைச் சுற்றிச் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். அன்றுமுதல் தாழ்வாரத்தைக் கழுவிய தண்ணீர், ரோஜாத் தொட்டிக்கு ஊற்றிய தண்ணீர், சாரல் மழை எல்லாம் அந்தச் சிமெண்ட் கிண்ணத்துக்குள் இறங்கி நின்றன. நீர் உள்ளே செல்ல வழி இருந்தது; வெளியேற வழி இல்லை.

சோதிப்பது எப்படி?

ஆசாரியார் செய்த சோதனையை நீங்களும் செய்யலாம். ஒரு குத்தூசியோ மெல்லிய திருப்புளியோ போதும். தூணின் அடியிலிருந்து மேல்நோக்கி இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை நான்கு பக்கங்களிலும் அழுத்திக் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை சற்றே பதிந்து நின்றுவிடும். உளுத்த மரத்தில் தடையின்றி இறங்கும். பின்பு சுத்தியலால் தட்டுங்கள். நல்ல கட்டை கணீரென்று ஒலிக்கும். உள்ளே கெட்டது மந்தமாக ஒலிக்கும்.

கரையானையும் பூஞ்சணத்தையும் வேறுபடுத்தி அறியுங்கள். மண்ணால் கட்டிய குழாய்கள் தூணில் ஏறியிருந்தால் அது கரையான். சிறு துளைகளும் அடியில் மாவு போன்ற பொடியும் காணப்பட்டால் அது வண்டு. ஈரமும், பழுப்பு நிறமும், கட்டம் கட்டமான வெடிப்பும் இருந்தால் பூஞ்சணம். கரையான் இருந்தால் தரையில் அதன் வழியை அடைக்கும் மருந்திடாமல் தூணை மாத்திரம் மாற்றுவதில் பயனில்லை.

பின்பு மேலே நோக்குங்கள். உத்தரத்துக்கும் தூண் தலைக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா? ஓட்டு வரிசை ஓரிடத்தில் தொய்ந்திருக்கிறதா? அப்படியானால் தூண் ஏற்கனவே கீழே இறங்கிவிட்டது. அதன் அடியில் ஒருவரும் அமரலாகாது.

அந்த வீட்டில் ஆறங்குலச் சதுரத் தூணில் குத்தூசி நான்கங்குலம் இறங்கியது. கேடு பத்தங்குல உயரம்வரை ஏறியிருந்தது. அடுத்த தூணில் ஓரங்குல ஆழத்துக்குத் தொடங்கியிருந்தது. மற்ற இரண்டும் நலமாக இருந்தன. அவை மழைச் சாரல் படாத சுவரோரத் தூண்கள்.

இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று சிந்தியுங்கள். மங்களூர் ஓடு ஒவ்வொன்றும் 2 முதல் 3 கிலோ எடை உள்ளது. நூறு சதுர அடிக் கூரைக்கு ஏறக்குறைய 150 ஓடுகள் வேண்டும். அப்படியானால் ஓடுகள் மாத்திரமே 300 கிலோவுக்கு மேல். உத்தரமும் கைமரங்களும் வேறு. இவையெல்லாம் பிள்ளைகளின் தலைக்கு மேலே, இரண்டங்குல மரத்தின் தயவில் நின்றுகொண்டிருந்தன. அன்று மாலையே பாடம் பின்பக்க அறைக்கு மாற்றப்பட்டது.

பூசி மூடுவது பழுதுபார்ப்பு ஆகாது

"அம்மா, மேலே ஏழரை அடி மரம் இரும்பு மாதிரி இருக்கிறது. பழைய பர்மாத் தேக்கு. இதை எறிந்துவிட்டால் இனி வாங்க முடியாது. கெட்டது அடியில் ஒரு முழம்தான். கெட்டதை வெட்டுவோம், நல்லதை வைத்துக்கொள்வோம்" என்றார் ஆசாரியார். மியான்மர் 2014-ஆம் ஆண்டிலேயே உருட்டுக் கட்டைகளின் ஏற்றுமதியைத் தடைசெய்துவிட்டதால், பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற கட்டைகளுக்கு மதிப்பு மிகுதி.

சிமெண்ட் பூசுவது ஏன் தவறு? சிமெண்ட் தண்ணீரைத் தடுப்பதில்லை, உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். மரம் ஈரத்தில் பருத்து வெயிலில் சுருங்கும். சிமெண்ட் அவ்விதம் அசையாது. ஆகையால் இரண்டுக்கும் நடுவே சந்து விழும். அதில் மறுபடியும் நீர் இறங்கும். ஈரமான மரத்தின்மேல் பெயிண்ட் அடிப்பதும் இதைப் போன்றதே. கேடு நிற்காது, கண்ணுக்கு மறைந்துபோகும், அவ்வளவே.

எபாக்சி பசையைக் குறித்தும் பலர் கேட்கிறார்கள். கேடு மேலெழுந்தவாரியாக, ஓரங்குல ஆழத்துக்குள் இருந்தால் அது பயன்படும். உளுத்ததைச் சிறிதும் மீதியின்றிச் சுரண்டி, மரத்தை நன்றாக உலரவைத்து, பின்பு நிரப்ப வேண்டும். இரண்டாவது தூணை அவ்விதமே சரிசெய்தோம். பாதிக்கு மேல் அரிக்கப்பட்ட தூணைப் பசையால் நிரப்பி அதன்மேல் கூரைப் பாரத்தை நம்பி வைக்கலாகாது.

கான்கிரீட் தூண் எல்லா இடத்திலும் தவறு என்று சொல்லமாட்டேன். மேல்மரமும் கெட்டிருந்தால் அது ஒரு வழிதான். ஆனால் அதற்குத் தனி அஸ்திவாரம் வேண்டும். மர உத்தரத்தோடு அதை முறையாகப் பிணைக்கவும் வேண்டும். நல்ல மரம் இருக்கையில் அந்தச் செலவு வீண்.

முதலில் பாரத்தை மாற்றுங்கள்

தூணில் கை வைக்குமுன் கூரையின் பாரத்தை வேறொன்றின்மேல் மாற்ற வேண்டும். கட்டட வேலையில் சென்ட்ரிங்குக்கு நிறுத்தும் இரும்பு ஜாக்கிகளை வாடகைக்கு வாங்கலாம். ஒரு தூணுக்கு இருபுறமும் ஒன்றாக இரண்டு தேவை. அவற்றின் அடியில் கனமான பலகை இடுங்கள்; இல்லையெனில் டைல்ஸ் உடையும். உத்தரத்தின் அடியிலும் பலகை வைத்துப் பாரத்தைப் பரப்புங்கள். ரசமட்டம் பிடித்து ஜாக்கிகளை நேராக நிறுத்தி, குறுக்குக் கட்டைகளால் பிணையுங்கள்.

பின்பு திருகைக் கால் சுற்று, கால் சுற்றாக மாத்திரம் ஏற்றுங்கள். தூணின்மேலுள்ள பாரம் விலகியவுடன் நிறுத்திவிடுங்கள். சில மில்லிமீட்டர் போதும். பல ஆண்டுகளாகத் தொய்ந்த கூரையை ஒரே நாளில் நிமிர்த்த முயன்றால் ஓடுகள் உடையும், சுவரும் வெடிக்கும். லாரிக்குப் பயன்படும் எண்ணெய் ஜாக்கியைத் தூக்குவதற்குப் பயன்படுத்தலாம், தாங்குவதற்கு அன்று. அது அழுத்தம் குறைந்து மெள்ள இறங்கிவிடக்கூடும்.

ஒரு நேரத்தில் ஒரு தூணை மாத்திரமே தொடுங்கள். தூணில் விளக்குக்குச் செல்லும் மின்கம்பி இருந்தால் மெயின் சுவிட்சை அணைத்துக் கழற்றிவிடுங்கள். மாடி தாங்கும் தூணாக இருந்தால், அல்லது உத்தரத்திலும் வெடிப்பு இருந்தால், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்க்காமல் தொடங்க வேண்டாம்.

வெட்டிச் சேர்த்தல்

கேடு தெரிகிற இடத்தோடு வெட்டினால் போதாது. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் மரத்திலும் பூஞ்சணத்தின் இழைகள் சற்றுத் தூரம் ஓடியிருக்கும். ஆகையால் ஆசாரியார் பத்தங்குலக் கேட்டுக்கு மேலே இன்னும் நான்கங்குலம் விட்டு அடையாளம் இட்டார். அங்கிருந்து மேலே பதினெட்டங்குல நீளத்துக்குத் தூணின் பருமனில் பாதியைச் செதுக்கி எடுத்தார். புதிய கட்டையிலும் அதே அளவு பாதியைச் செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்று படியவைத்தார். இரண்டும் சேர்ந்து மறுபடியும் ஆறங்குலத் தூண் ஆனது. தூணின் பருமனைப்போல் மூன்று மடங்கு நீளத்துக்குப் பொருத்து அமைந்தால் அது அசையாது. பொருத்தின் வெளிமுனையைச் சற்றே கீழ்நோக்கிச் சரிவாக வெட்டினார்; மழைநீர் உள்ளே செல்லாமல் வெளியே வடிவதற்காக.

புதிய கட்டை நன்றாக உலர்ந்த, வைரமுள்ள தேக்காக இருக்க வேண்டும். பச்சை மரம் பின்னர் சுருங்கிப் பொருத்தைத் தளர்த்திவிடும். வெள்ளை மரம் உள்ள கட்டையை மலிவு என்று வாங்காதீர்கள். பொருந்தும் முகங்களில் எபாக்சி பசை தடவி, துருப்பிடிக்காத எஃகினால் ஆன 12 மில்லிமீட்டர் போல்ட்டுகள் மூன்றை ஊடுருவ இட்டு முறுக்கினோம். போல்ட்டின் தலைகளை மரத்துக்குள் அமிழ்த்தி, அதே தேக்கின் சிறு வில்லைகளால் மூடினோம்.

மரத்துக்கு இடும் மருந்தைக் குறித்து ஒரு வார்த்தை. 1933-ஆம் ஆண்டில் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் காமேசம் என்ற இந்திய விஞ்ஞானி செம்பு, குரோமியம், ஆர்செனிக் சேர்ந்த மருந்தைக் கண்டறிந்தார். உலகெங்கும் கோடிக்கணக்கான கம்பங்களை அது காத்தது. ஆயினும் ஆர்செனிக் நஞ்சு என்பதால் அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு வீட்டு மரங்களுக்கு அதைப் பயன்படுத்துவது நிறுத்தப்பட்டது. பிள்ளைகள் சாய்ந்து அமரும் தூணுக்கு அது வேண்டாம். போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் போதுமானது. அது மழையில் கரைந்து போகும். ஆகையால் மரம் உலர்ந்தபின் பிரைமரும் பெயிண்டும் அவசியம்.

பாதம் உலர்ந்திருக்கட்டும்

இவை யாவற்றைக் காட்டிலும் முக்கியமானது தூணின் பாதம். நீர் வரும் வழியை மாற்றாமல் புதிய மரம் வைத்தால், அதே கேட்டுக்கு மறுபடியும் நாள் குறிக்கிறோம் என்றே பொருள்.

தூணைச் சுற்றி டைல்ஸை அறுத்தெடுத்து, பழைய கல்லை வெளிப்படுத்தினோம். அதன்மேல் நான்கங்குல உயரமுள்ள கருங்கல் ஒன்றை, நீர் வடியும்படி மேல்முகம் சரிவாகச் செதுக்கி அமர்த்தினோம். கல்லுக்கும் மரத்துக்கும் இடையே துருப்பிடிக்காத எஃகுத் தகடு ஒன்று வைத்தோம். தகடு மரத்தைவிட நான்கு பக்கமும் சற்றுச் சிறியது. ஆகையால் அதில் நீர் தங்காது. தகட்டில் பற்றவைத்த முளை கீழே கல்லிலும் மேலே மரத்திலும் இறங்கியிருப்பதால், தூண் பக்கவாட்டில் நகராது. தூணின் அடிமுகத்துக்கு எபாக்சி இரண்டு முறை பூசினோம். அந்தச் சிறு சந்தைச் சிமெண்டாலோ சிலிக்கானாலோ அடைக்கவில்லை. அதன் வழியாகக் காற்று செல்லட்டும். ரோஜாத் தொட்டிகள் படியோரத்துக்குப் போயின. உடைந்த மூன்று ஓடுகளும் மாற்றப்பட்டன.

பழைய பெயிண்ட் எச்சரிக்கை

பழைய வீட்டுப் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகையால் பழைய பூச்சை உலர்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், நெருப்பினாலும் எரிக்காதீர்கள். தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள். முகக்கவசம் அணியுங்கள். கீழே தார்ப்பாய் விரித்துச் செதில்களைச் சேர்த்து அப்புறப்படுத்துங்கள். வேலை முடியுமட்டும் சிறு பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அருகே வரலாகாது.

காலமும் அனுமதியும்

மரம் உலர்ந்திருக்கும் மாதங்களே இதற்கு ஏற்றவை. பெங்களூருவில் ஜனவரி முதல் மார்ச் வரை. மும்பையில் ஜூன் மழை தொடங்குமுன். வடகிழக்குப் பருவமழை பெய்யும் நம் ஊர்ப்பக்கங்களில் பிப்ரவரிக்குப் பின். வாடகைக்குக் குடியிருப்போர் தூணில் தாமாகக் கை வைக்க வேண்டாம். பழுதைப் படம் எடுத்து, வீட்டு உரிமையாளருக்கு எழுத்து மூலமாகத் தெரிவியுங்கள். பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் உள்ள வீடானால் மாநகராட்சியின் அனுமதியும் தேவைப்படும்.

முடிவாக

புனேயிலிருந்த மகன் செல்பேசியில் தூணின் பாதத்தைக் கண்டபோது வெகுநேரம் பேசவில்லை. "அம்மா விழக்கூடாது என்றுதானே டைல்ஸ் போட்டேன்" என்றார். பிப்ரவரியில் நான்கு நாட்கள் விடுப்பெடுத்து வந்து, ஆசாரியாருக்கு உதவியாளாக நின்றார். சிமெண்டை உடைத்து எடுத்ததும், கல்லைச் சுமந்து வந்ததும் அவரே. தாயார் அவரைக் குறைசொல்லவில்லை. "அன்பாகத்தான் செய்தாய், தம்பி, இனிமேல் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டுவிட்டுச் செய்" என்று மாத்திரம் சொன்னார்கள்.

மார்ச் முதல் வாரத்தில் பிள்ளைகள் மறுபடியும் தாழ்வாரத்துக்கு வந்தார்கள். அந்தச் சிறுமி முதலாவது அதே தூணைத்தான் விரலால் அழுத்திப் பார்த்தாள்.

நீங்களும் அவ்விதமே செய்யுங்கள். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது பெயிண்ட் டப்பா வாங்குமுன் ஒரு குத்தூசியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள முதியோர் நாள்தோறும் சாய்ந்து அமர்கிற தூணிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தூணின் பாதத்தையும் குனிந்து பாருங்கள்.